கிரேடு 1 வாய்ப்பாட்டுத் தேர்வு: ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மா, டிரினிட்டியா?

சென்னையில் மேற்கத்திய வாய்ப்பாட்டு கற்கும் குழந்தையை முதல் தேர்வுக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோரின் காதில் பெரும்பாலும் விழுபவை இரண்டு பெயர்கள்: 1889இல் தோன்றிய ஏ.பி.ஆர்.எஸ்.எம்., அதற்கும் மூத்த டிரினிட்டி காலேஜ் லண்டன். இரண்டும் கிரேடு கிரேடாக, அதாவது படிப்படியாக, இசைத் தேர்வு நடத்தும் பிரிட்டிஷ் அமைப்புகள். இரண்டிலும் மூன்று பாடல்களைப் புத்தகம் பாராமல் பாட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு அதிகம் என்று முதல் கிரேடிலேயே கேட்பது வீண் வேலை என்பது என் எண்ணம். பாடல்களைத் தவிர மீதமுள்ள பகுதிகளில்தான் இரண்டும் பிரிகின்றன. தயாரிப்பும் அங்கேதான் வேறுபடுகிறது.

ஏ.பி.ஆர்.எஸ்.எம். நேரடித் தேர்வுக்கு மொத்தம் 150 மதிப்பெண்கள். பாடலுக்கு 30 வீதம் 90 போக, துணையிசையின்றிப் பாடும் நாட்டார் பாடலுக்கு 21, சைட் சிங்கிங்குக்கு (முன்பின் பாராத சுரக்குறிப்பைப் பார்த்த உடனே பாடுவது) 21, ஆரல் தேர்வுக்கு (செவியால் கேட்டுப் பதில் தருவது) 18. தேர்ச்சிக்கு 100 வேண்டும். டிரினிட்டியில் மொத்தம் 100: பாடலுக்கு 22 வீதம் 66, குரல் பயிற்சிகளுக்கு 14, இரண்டு துணைத் தேர்வுகளுக்கு 10 வீதம் 20, தேர்ச்சிக்கு 60 போதும். அந்தத் துணைத் தேர்வுகளை சைட் சிங்கிங், ஆரல், கற்பனையாகப் பாடுதல், இசையறிவுக் கேள்விகள் ஆகிய நான்கிலிருந்து மாணவரே தேர்ந்துகொள்ளலாம் என்பது சிறிய சலுகை அன்று. சுரக்குறிப்பைப் பார்த்தால் வியர்க்கும் குழந்தை அதைத் தொடாமலேயே டிரினிட்டி தேர்வை முடித்துவிடலாம், ஏ.பி.ஆர்.எஸ்.எம். நேரடித் தேர்வில் அதற்கு வழியில்லை.

கர்நாடக இசையில் தொடங்கிவிட்டு இங்கே வரும் குழந்தைகளுக்கு சைட் சிங்கிங் ஏன் கடினமாகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். தேர்வாளர் ஆதார நாதத்தையும் தொடக்க ஸ்வரத்தையும் பியானோவில் காட்டிவிட்டு, முன்பின் பார்த்திராத சில வரிகளைக் கொடுத்து அரை நிமிடம் அவகாசம் தருவார். என்னிடம் பயின்ற பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, தாளில் சி, டி, இ என்று ஏறும் மூன்று ஸ்வரங்களை மிகச் சரியாக அடையாளம் கண்டுகொண்டு, நம்பிக்கையோடு ஸ ரி க என்று பாடினாள். ஸவும் கவும் இம்மியும் பிசகவில்லை, ரி மட்டும் அரை ஸ்வரம் இறங்கியிருந்தது. இரண்டு ஆண்டுகள் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்னும் தொடக்கப் பயிற்சியைப் பாடிய குரலுக்கு ரி என்றாலே தாழ்ந்த சுத்த ரிஷபம்தான். சி, டி, இ என்று ஏறும் மேற்கத்திய மேஜர் ஸ்கேலோ, அதைவிட அரை ஸ்வரம் உயர்ந்த, நம் சங்கராபரண ராகத்தின் சதுஸ்ருதி ரிஷபத்தைக் கேட்கிறது. அவளுக்குப் பழைய வரிசைகளையே சங்கராபரணத்தில் தினமும் பத்து நிமிடம், கமகமின்றி, அதாவது ஸ்வரத்தை அசைக்காமல், நேராகப் பாடவைத்தேன். ஆறு வாரத்தில் ரி தன் இடத்துக்கு வந்தது.

ஆரல் தேர்வு அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. ஏ.பி.ஆர்.எஸ்.எம். முதல் கிரேடில் தேர்வாளர் வாசிக்கும் சிறு துணுக்கைத் திருப்பிப் பாடும் பகுதி ஸவுக்கும் கவுக்கும் நடுவிலேயே அமைகிறது. குரு பாடியதை அப்படியே திருப்பிப் பாடி வளர்ந்த செவிக்கு இது பழகிய வேலை. துணுக்கில் எந்த இடத்தில் ஸ்வரம் மாறியது, இசை இரட்டை எண்ணிக்கையா மும்மை எண்ணிக்கையா என்பன போன்ற கேள்விகளுக்கு மட்டும் தனிப் பயிற்சி தேவை.

துணையிசை விஷயத்தில் டிரினிட்டி பெற்றோரின் பணப்பைக்கு இரக்கம் காட்டுகிறது: தொடக்க நிலைகளில் பதிவு செய்த பின்னணி இசையோடு பாட அனுமதிக்கிறது. ஏ.பி.ஆர்.எஸ்.எம். நேரடித் தேர்வுக்குப் பியானோ வாசிப்பவரை நாமே அழைத்துச் செல்ல வேண்டும், தேர்வாளர் வாசிக்கமாட்டார். ஒத்திகைக்கும் அவருக்கு நாள் ஒதுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகும், எட்டு மாத அவகாசம் உள்ள குழந்தைக்கு நான் ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மையே சொல்வேன், குறிப்பைப் படிக்கும் பழக்கத்தை முதல் கிரேடில் தவிர்த்தவர்கள் நான்காவது கிரேடில் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். மூன்றே மாதம்தான் கையில் இருக்கிறது என்றால், ஆரலையும் இசையறிவையும் தேர்ந்துகொண்டு டிரினிட்டிக்குப் போவதே விவேகம். மேடைக் கூச்சம் மிகுந்தவர்களுக்கு ஏ.பி.ஆர்.எஸ்.எம். 2020இல் கொண்டுவந்த காணொளித் தேர்வும் உண்டு: நான்கு பாடல்களை இடைவெட்டு இல்லாமல் ஒரே பதிவாக எடுத்து அனுப்ப வேண்டும், சைட் சிங்கிங்கும் ஆரலும் கிடையாது.

ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மைத் தேர்ந்தவர்கள் அந்த 21 மதிப்பெண் நாட்டார் பாடலை ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும் என்பதில்லை. பாட்டியிடம் கேட்ட தாலாட்டையே பாடலாம். ஆனால் தம்புராவோடு பாடியே பழகிய குரல், அது இல்லாதபோது இரண்டாம் கண்ணியிலேயே மெல்ல இறங்கத் தொடங்கும். வீட்டில் சுருதிப்பெட்டியைப் போட்டு ஆரம்ப ஸ்வரத்தைப் பிடித்ததும் அணைத்துவிடுங்கள். முழுப் பாடலும் முடிந்த பின் மீண்டும் போட்டு, கடைசி ஸ்வரம் எவ்வளவு நழுவியிருக்கிறது என்பதைக் குழந்தையையே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.