ஆள் கூடினால் பாம்பு சாகாது: கோர் கணக்கோடு ஐந்து வருடம்

எங்கள் குழுவில் ஒரு சி++ புரோகிராம் இருக்கிறது. தினமும் ராத்திரி வந்து குவியும் பில்லிங் பதிவுகளை வரி வரியாகப் படித்து, பிரித்து, கூட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஐந்து வருடத்துக்கு முன்னால் அது 8 கோர் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. கோர் என்பது ப்ராசஸருக்குள் தனியாக வேலை செய்யக்கூடிய ஒரு பகுதி. விடிவதற்குள் முடியவில்லை என்று புகார் வர, “32 கோர் வாங்கிவிடலாமா?” என்று மேலிடத்தில் கேட்டார்கள். வாங்கினால் எவ்வளவு வேகம் கூடும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்று எடுத்த யூஎஸ்எல் கணக்கை, அதாவது கோர் கூட்டினால் வேகம் எப்படி மாறும் என்று கணிக்கும் யுனிவர்சல் ஸ்கேலபிலிட்டி லாவை, இன்றுவரை கீழே வைக்கவில்லை. அதைப் பற்றி நல்லதும் சொல்ல இருக்கிறது, திட்டவும் இருக்கிறது.

முதலில் எல்லோரையும் போல ஆம்டாலிடம்தான் போனேன். ஐபிஎம்மில் இருந்த ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன வாதம் எளிமையானது. வேலையில் 5 சதவீதம் ஒருவரே செய்தாக வேண்டியது என்றால், எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்குக்கு மேல் போகாது. எங்கள் புரோகிராம் ஒரு கோரில் ஓடுவதைவிட 8 கோரில் 5.87 மடங்கு வேகம் காட்டியது. இதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் தொடர் பகுதி, அதாவது ஒருவரே செய்தாக வேண்டிய பங்கு, 5.2 சதவீதம். அப்படியானால் 32 கோரில் 12 மடங்கு. போட்ட காசுக்கு ஏதோ கொஞ்சம் தேறும் என்று நினைத்தோம்.

இடறியது எங்கே என்றால், 8 கோரில் மட்டும் அளக்காமல் 2, 4, 6 என்றும் அளந்தபோது. வேகம் 1.95, 3.61, 4.92, 5.87 என்று வந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தொடர் பகுதியைக் கண்டுபிடித்தால் 2.6, 3.6, 4.4, 5.2 சதவீதம். புரோகிராமை யாரும் தொடவில்லை, அதே கோட், அதே டேட்டா. ஒருவரே செய்யவேண்டிய வேலை மட்டும் கோர் கூடக்கூட எப்படி வளரும்?

நீல் குந்தர் 1993-இல் முன்வைத்த யூஎஸ்எல் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஆம்டால் சொன்ன வரிசையில் நிற்கும் நேரம் ஒன்று. அதற்கு ஆல்ஃபா என்று பெயர். கோர்கள் தங்களுக்குள் பேசிச் சரிபார்த்துக்கொள்ளும் செலவு இன்னொன்று, அது பீட்டா. ஜோடி ஜோடியாகப் பேச வேண்டியிருப்பதால் இந்தச் செலவு கோர் எண்ணிக்கையின் வர்க்கத்தோடு ஏறும். 8 கோர் என்றால் 28 ஜோடி, 32 கோர் என்றால் 496 ஜோடி. அதனால் ஒரு கட்டத்துக்கு மேல் கோர் சேர்த்தால் வேகம் நிற்பதோடு போகாது, குறையவே செய்யும். ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பார்களே, அதேதான்.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மேலே சொன்ன அந்தச் சதவீதங்களைக் கோர் எண்ணிக்கைக்கு எதிராக ஸ்ப்ரெட்ஷீட்டில் வரைந்து, நேர்கோடு ஒன்றைப் பொருத்தினால் போதும். கோடு அச்சை வெட்டும் இடம் ஆல்ஃபா, கோட்டின் சரிவு பீட்டா. கோடு படுத்துக் கிடந்தால் ஆம்டால் சொன்னதே சரி. எங்களுடையது படுக்கவில்லை: ஆல்ஃபா 0.018, பீட்டா 0.0043. ஒன்றிலிருந்து ஆல்ஃபாவைக் கழித்து, பீட்டாவால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் உச்சி எங்கே என்று தெரியும். வந்த விடை 15. அதாவது 15 கோரில் சுமார் 7 மடங்கு, அதன்பிறகு இறங்குமுகம், 32 கோரில் 5.5. கையில் இருக்கும் 8 கோரைவிடக் குறைவு! வாங்குவதற்கு முன் வாடகைக்கு ஒரு கிளவுட் மெஷின் எடுத்துப் பார்த்தோம். 5.1 வந்தது.

காரணம் தேடியது தனிக்கதை. “கோட்ல லாக்கே இல்லையேப்பா, எதுக்கு அடிச்சுக்கப் போவுது?” என்றார் உடன் வேலை செய்பவர். ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச் சரம்) முடிக்கும்வரை மற்றவற்றைக் காக்கவைக்கும் பூட்டுதான் லாக். உண்மைதான், அது இல்லை. ஆனால் எத்தனை வரி படித்தோம் என்று எண்ண ஓர் அட்டாமிக் கவுண்டர், அதாவது பல த்ரெட் ஒரே நேரத்தில் கூட்டினாலும் கணக்குத் தப்பாத எண்ணி, இருந்தது. எல்லா த்ரெட்டும் ஒவ்வொரு வரிக்கும் அதில் ஒன்றைக் கூட்டிக்கொண்டிருந்தன. அதை ஒட்டியே, எல்லோரும் படிக்க மட்டும் செய்யும் இரண்டு செட்டிங் மாறிகள். கோர் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் சின்ன, வேகமான மெமரிதான் கேஷ்; அதில் டேட்டா லைன் லைனாகத்தான் வந்து போகும். இன்டெல், ஏஎம்டி வகை எக்ஸ்86 ப்ராசஸரில் ஒரு கேஷ் லைன் 64 பைட். மூன்றும் ஒரே லைனில் உட்கார்ந்திருந்தன. ஒரு கோர் கவுண்டரைத் தொட்டால் மற்ற கோர்களிடம் இருக்கும் அந்த லைன் செல்லாமல் போகும். செட்டிங்கைப் படிக்க வந்தவனும் சேர்ந்து காத்திருப்பான். லினக்ஸில் 4.10 கெர்னலோடு 2017-இல் வந்த ‘பெர்ஃப் சி2சி’ என்ற கருவி இந்த லைனை முதல் வரியிலேயே காட்டிக்கொடுத்தது. த்ரெட்டுக்கு ஒரு கவுண்டர், ஒவ்வொன்றும் 64 பைட் தள்ளி, கடைசியில் மட்டும் கூட்டல் என்று மாற்றினோம். இருபது வரி மாற்றம் இருக்கும். அதே வாடகை மெஷினில் 32 கோருக்கு 17 மடங்கைத் தாண்டியது. புது மெஷின் வாங்கும் பேச்சு அப்புறம்தான் மறுபடி எழுந்தது.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இந்தக் கணக்கு நாம் கொடுக்கும் அளவீட்டை அப்படியே நம்பும். எனக்கு முதலில் கிடைத்த அடி டர்போ, அதாவது ப்ராசஸர் இடம் கிடைத்தால் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்வது. ஒரு கோர் மட்டும் ஓடும்போது என் மெஷின் 4.6 கிகாஹெர்ட்ஸ் போகும், எல்லாம் ஓடினால் 3.9. சும்மாவே 15 சதவீதம் காணாமல் போய், அந்தப் பழியும் ஆல்ஃபா பீட்டா தலையில் விழுந்தது. டர்போவை அணைக்காமல் நான் இப்போது எதையும் அளப்பதில்லை. அடுத்தது விசிபியூ, அதாவது கிளவுடில் வாடகைக்குத் தரும் ப்ராசஸர் அலகு. கிளவுடில் எக்ஸ்86 மெஷின்களில் பெரும்பாலும் ஒரு விசிபியூ என்பது ஒரு ஹைப்பர்த்ரெட்தான் (ஒரே கோரை இரண்டாகக் காட்டுவதில் ஒன்று), முழுக் கோர் அல்ல. 32 விசிபியூ எடுத்தால் கையில் 16 கோர். ‘எல்எஸ்சிபியூ’ என்ற லினக்ஸ் கட்டளை போட்டு எது எதோடு ஜோடி என்று பார்த்து, ‘டாஸ்க்செட்’ கட்டளையில் கோருக்கு ஒரு த்ரெட் என்று கட்டிவைக்காவிட்டால் வரைபடத்தில் பாதியில் ஒரு முழங்கால் மடங்கும்.

இதைவிடப் பெரிய குறை, யூஎஸ்எல் வழவழப்பான ஒரு வளைவு மட்டுமே. சுவர் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. படத்தை மங்கலாக்கும் ஒரு சின்ன புரோகிராமை அளந்தேன். 6 கோர் வரை சதவீதக் கோடு அசையவே இல்லை, அதன்பின் மெமரி பேண்ட்விட்த் (மெமரியிலிருந்து ஒரு நொடியில் எடுக்க முடிந்த டேட்டாவின் அளவு) தீர்ந்து வேகம் சட்டென்று ஏறாமல் நின்றது. 6 வரை அளந்துவிட்டு 16-ஐக் கணித்திருந்தால் மானம் போயிருக்கும். இரண்டு சாக்கெட், அதாவது இரண்டு ப்ராசஸர் சிப், உள்ள சர்வரிலும் இதே கதை. ஒரு சாக்கெட்டுக்குள் அளந்த எண்கள் அடுத்த சாக்கெட்டைத் தாண்டியதும் செல்லாது, பக்கத்துச் சாக்கெட்டின் மெமரி தூரம். ஆகவே அளந்த கோரை விட்டு ரொம்பத் தள்ளிப் போகாமல், ஒரே சாக்கெட்டுக்குள் என்றால்தான் எண்ணை வெளியே சொல்கிறேன். அதற்கு மேல் கேட்டால் வாடகைக்கு மெஷின் எடுங்கள் என்பேன், சில நூறு ரூபாய்தான் ஆகும்.

டேட்டா கோரோடு சேர்ந்து வளரும் வேலைகளுக்கு 1988-இல் குஸ்டாஃப்சன் சொன்ன கணக்குதான் பொருந்தும். எங்களுக்கு ஒரு ராத்திரி பில் எத்தனை கோர் போட்டாலும் அதே அளவுதான், அதனால் அந்தப் பக்கம் நான் அதிகம் போனதில்லை.

போன மாதம் வேறொரு புரோகிராமுக்குக் கோடு வரைந்தேன். ஆல்ஃபா எதிர்மறையாக வந்து நிற்கிறது, அதாவது 4 கோரில் 4 மடங்குக்கும் மேல் வேகம். நாலாகப் பிரித்ததும் ஒவ்வொரு பங்கும் எல்2 கேஷுக்குள் (கேஷின் இரண்டாம் அடுக்கு) அடங்கிவிடுகிறது என்பது என் சந்தேகம். டேட்டாவை இரட்டிப்பாக்கி மறுபடி அளக்க வேண்டும். சனிக்கிழமை மெஷின் சும்மா இருக்கும்.