பெரிய கண்ணுக்கு ஊசி: ‘ஐ ஓப்பனிங்’ போடாக்ஸுக்குக் காசு கொடுக்கலாமா?

கிளினிக் விலைப்பட்டியலில் ‘ஐ ஓப்பனிங்’ என்று வருவது, ஒவ்வொரு கீழிமையிலும் 1 அல்லது 2 யூனிட் போடாக்ஸ், அதாவது தசையைத் தளர்த்தும் ஊசி மருந்து. அவ்வளவுதான். 100 யூனிட் குப்பியில் அது மிகச் சின்னப் பங்கு. மருந்து குறைவாக இருப்பதால் சின்ன வேலை என்று நினைத்துவிடக் கூடாது. நெற்றியில் 2 யூனிட் கூடினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கீழிமையில் 2 யூனிட் கூடினால் கண் சரியாக மூடாமல் போகலாம்.

கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் ஆர்பிகுலாரிஸ் தசைதான் கண்ணை மூடுகிறது. சிரிக்கும்போது அதன் கீழ்ப்பகுதி இறுகி இமையை மேலே தள்ளும். சிலருக்கு இமைமுடியை ஒட்டி இந்தத் தசை தடித்து, சிரித்தாலே உருண்டு எழும்பி, கண் வெறும் கோடாகிவிடும். அந்த இறுக்கத்தைத் தளர்த்தினால் இமை சற்று இறங்கும், கருவிழி கூடுதலாகத் தெரியும். இதை ஃப்ளின், கரதர்ஸ் தம்பதி ஆகிய மருத்துவர்கள் 2001-இல் ‘டெர்மடாலஜிக் சர்ஜரி’ இதழில் எழுதினார்கள். கீழிமையில் 2 யூனிட் போட்டார்கள். கண்ணோரச் சுருக்கத்துக்கும் சேர்த்துப் போட்ட பக்கத்தில் கண் இன்னும் நன்றாகத் திறந்தது. அதனால் கீழிமைக்கு மட்டும் தனியாகப் போட்டுக்கொள்வதைவிட, இரண்டையும் சேர்த்துச் செய்வதில் பலன் அதிகம்.

எவ்வளவு மாற்றம் எதிர்பார்க்கலாம்? சாதாரணமாகக் கண் திறப்பின் உயரம் 9 முதல் 10 மி.மீ. அதில் 1 மி.மீ. கூடினாலே முகத்தில் தெரியும். ஆனால் சிரிக்கும்போது கண் சுருங்குகிறவர்களுக்குத்தான் இந்தப் பலன். சும்மா இருக்கும்போதே கண் சின்னதாக இருந்தால், இந்த ஊசி ஏமாற்றத்தில்தான் முடியும்.

போடும் முறையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 100 யூனிட் தூளில் 2.5 மி.லி. சலைன் கலந்தால் 0.1 மி.லி.க்கு 4 யூனிட் வரும். 2 யூனிட்டுக்கு 0.05 மி.லி. போதும். 30 அல்லது 31 கேஜ் இன்சுலின் சிரிஞ்சில், கருமணிக்கு நேர் கீழே, இமைமுடி வரிசையிலிருந்து 2–3 மி.மீ. தள்ளி, தோலுக்கு அடியிலேயே மேலாகப் போட வேண்டும். ஊசி பக்கவாட்டிலிருந்து, கண்ணைப் பார்க்காத திசையில் வர வேண்டும். சரியாகப் போட்டால் கொசு கடித்த அளவுக்கு ஒரு சின்ன மேடு எழும்பி, கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடும். முதல் முறை என்றால் இமைக்கு 1 யூனிட்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். பலன் 3 முதல் 5 நாளில் தெரிய ஆரம்பித்து, 14-ஆம் நாள் முழுமையாகி, மூன்று நான்கு மாதத்தில் போய்விடும். அன்றைக்கு 4 மணி நேரம் படுக்கக் கூடாது. கண்ணைத் தேய்ப்பதும் ஃபேஷியலும் கூடாது.

முன்கூட்டியே வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம். கீழிமையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல முன்னால் இழுத்து விடுங்கள், சிமிட்டாமல். சட்டென்று போய் ஒட்டிக்கொண்டால் இமை உறுதியாக இருக்கிறது. மெதுவாகத் திரும்பினாலோ, சிமிட்டினால்தான் ஒட்டுகிறது என்றாலோ இந்த ஊசி வேண்டவே வேண்டாம். தளர்ந்த இமையில் மருந்து பட்டால் இமை வெளிப்பக்கம் மடங்கும், கருவிழிக்குக் கீழே வெள்ளை தெரியும், கண்ணீர் வழியும். கண் வறட்சி உள்ளவர்கள், சமீபத்தில் லேசிக் செய்தவர்கள், கீழிமையில் ஏற்கெனவே அறுவை செய்தவர்கள், காலையில் கண்ணடி வீங்கி எழுகிறவர்கள் விலகி இருக்க வேண்டும். தசை வேலை செய்யாவிட்டால் கண்ணடியில் சேரும் நீர் வடியாமல் பை பெரிதாகும். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், மயஸ்தீனியா கிராவிஸ் என்கிற தசை பலவீன நோய் உள்ளவர்கள் போடாக்ஸ் பக்கமே போகக் கூடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் நெற்றியில் இருக்கிறது. பல இடங்களில் ‘ஐ ஓப்பனிங்’கை நெற்றிச் சுருக்க ஊசியோடு பேக்கேஜாக விற்கிறார்கள். மேலிமை லேசாகத் தொய்ந்தவர்கள், தெரியாமலேயே நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கித்தான் கண்ணைத் திறந்து வைத்திருப்பார்கள். அந்தத் தசையை முடக்கினால் புருவம் இறங்கி, கண் முன்பைவிடச் சின்னதாகிவிடும். மருத்துவர் உங்கள் நெற்றியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாரா என்று கவனியுங்கள். பார்க்காமல் நெற்றிக்கு ஊசியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். டார்ச் அடித்தால் கருமணியில் தெரியும் வெளிச்சப் புள்ளியிலிருந்து மேலிமை விளிம்பு வரை 4–5 மி.மீ. இருப்பது இயல்பு. அது வெகுவாகக் குறைந்திருந்தால் அது இமைத் தொய்வு. கண் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

மேலிமையின் வெளிப்பக்கத் தோல் சற்றுச் சரிந்து கண்ணை மறைக்கிறவர்களுக்கு எங்கள் ஓட்டு புருவவால் ஊசிக்குத்தான். புருவத்தின் வாலைக் கீழே இழுக்கும் தசையில் பக்கத்துக்கு 2–4 யூனிட், எலும்பு விளிம்புக்கு வெளியே. புருவம் ஓரிரு மி.மீ. ஏறும், கண் நிமிர்ந்து தெரியும். விளிம்பைத் தாண்டி உள்ளே மருந்து கசிந்தால் மேலிமையைத் தூக்கும் லெவேட்டர் தசை தளர்ந்து இமை தொங்கும். அப்ராகுளோனிடின் 0.5% சொட்டு மருந்து மேலிமையைத் தூக்க உதவும் முல்லர் என்கிற சின்னத் தசையைத் தூண்டி 1–2 மி.மீ. தூக்கிக் கொடுக்கும், மற்றபடி சில வாரம் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

தொய்வுக்கென்றே ஆக்ஸிமெட்டாசோலின் 0.1% கண் சொட்டு மருந்து (அப்னீக்) 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே பெயர் மூக்குச் சொட்டு மருந்திலும் இருக்கிறதே என்று நாசிவியானைக் கண்ணில் விடாதீர்கள். அது கண்ணுக்கென்று தயாரித்ததல்ல.

கொரியாவில் ‘ஏக்யோ சால்’ என்கிற கீழிமை ஃபில்லர் வேறு கதை. இமைமுடிக்குக் கீழே ஹையலூரானிக் அமில ஜெல்லைப் பக்கத்துக்கு 0.2–0.4 மி.லி. மெல்லிய கோடாக வைத்து, குண்டுமணி போன்ற மேட்டை உருவாக்குகிறார்கள். கண் ஒரு இம்மிகூடப் பெரிதாவதில்லை. நிழலால் அப்படித் தோன்றுகிறது. மேலோட்டமாக வைத்தால் தோல் நீலமாகத் தெரியும், அதிகம் வைத்தால் வீங்கின கண் போலாகும். ஜெல் ரத்தக் குழாய்க்குள் போனால் பார்வையே போகலாம். அரிதுதான், ஆனால் திரும்பி வருவது கடினம். இந்த ஜெல்லைக் கரைக்கும் ஹையலுரோனிடேஸ் மருந்து கையிருப்பில் இல்லாத இடத்தில் கண்ணருகே ஃபில்லர் போட்டுக்கொள்ளாதீர்கள். வெறும் தோற்றத்துக்காக இந்த அபாயம் தேவையில்லை என்பதால் இதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

காசு கொடுக்கும் முன், பில் ‘ஏரியா’ கணக்கா யூனிட் கணக்கா என்று கேளுங்கள். இரண்டு இமைக்கும் சேர்த்து அதிகபட்சம் 4 யூனிட். ஏரியா கணக்கில் அதற்கு நெற்றி அளவுக்குப் பணம் போகலாம். குப்பியின் பெயரையும் பேட்ச் எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்போர்ட் என்கிற இதே வகையான வேறு பிராண்ட் என்றால் எண்ணிக்கை மாறும்: போடாக்ஸ் 1 யூனிட்டுக்கு அது ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று. ஊசிக்கு முன்பும் 14-ஆம் நாளும் ஒரே வெளிச்சத்தில், சும்மா ஒன்று சிரித்து ஒன்று என்று படம் எடுத்து வையுங்கள். இரண்டாவது வார மறுபார்வையில் மருத்துவர் அதை வைத்துத்தான் இன்னும் 1 யூனிட் வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும்.