1969 கமாரோ: புதிய எஞ்சினும் பழைய சின்னமும்

மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் புறநகர் ஒன்றிலுள்ள பழைய கார் விற்பனைக்கூடத்தில் 1969-ஆம் ஆண்டின் செவ்ரோலே கமாரோ கூபே ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. பழைய உடலை மீட்டெடுத்து, அதற்குள் இக்காலத்து எஞ்சினையும் கியர்பெட்டியையும் பொருத்திய இவ்வகைக் கார்களை அமெரிக்கர்கள் ரெஸ்டோமாட் என்கிறார்கள். கேட்கும் விலை ஒரு லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. வாங்கும் எண்ணத்தில் இருந்த நண்பருடன் சென்று, காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தும், நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தும் எழுதும் மதிப்பீடு இது.

பானெட்டுக்கு அடியில் இருப்பது, ஜெனரல் மோட்டார்ஸ் 2008 கார்வெட்டுக்காகக் கொண்டுவந்த எல்.எஸ்.3 எஞ்சின்: 6.2 லிட்டர், எட்டு சிலிண்டர், அலுமினிய வார்ப்பு, 430 குதிரைத்திறன். 1969-இல் கமாரோவுக்குக் கிடைத்த 396 கன அங்குல எஞ்சின் அதிகபட்சமாக 375 குதிரைத்திறன் தருவதாக விளம்பரம் செய்யப்பட்டது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, வேறுபாடு சிறிதுதான் என்று எண்ணிவிடக் கூடாது. காற்று வடிகட்டி, சைலன்சர் போன்ற தடைகள் ஏதுமின்றி எஞ்சினை மட்டும் தனியே ஓட்டி அளந்த கணக்கு அந்த 375. காரில் பொருந்தியிருக்கும் நிலையில் அளக்கும் முறை 1972 மாடலிலிருந்துதான் அமெரிக்காவில் பொதுவழக்கானது. திறனைவிட எடைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இரும்பு வார்ப்பான அந்தப் பெரிய எஞ்சினின் பாரத்தால் வளைவில் திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும் குணம் பழைய கமாரோக்களுக்கு உண்டு. இந்தக் காரில் அது அறவே இல்லை.

அதற்கு எஞ்சின் மட்டுமே காரணமன்று. முன்பக்கத் துணைச் சட்டத்தையே மாற்றி, இக்காலக் கார்களில் உள்ள பல்சட்ட வகையான ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் வைத்திருக்கிறார்கள். பின்னால் லீஃப் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு நான்கு இணைப்புத் தண்டுகளும் சுருள் ஸ்பிரிங்குகளும் பொருத்தப்பட்டுள்ளன. நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். டிரெமெக் நிறுவனத்தின் ஆறு கியர் பெட்டியின் கடைசி கியரில், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்திலும் எஞ்சின் சுழற்சி 2,000-ஐத் தொடவில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவருடன் குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது. கிளட்ச் மட்டும் கனம். நெரிசலில் நிற்கும்போது கியர்பெட்டியின் மேல்மூடி வழியே வரும் சூடு வலது காலில் தெரிகிறது. ஏசி நன்றாகக் குளிர்கிறது.

உடல் வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சக்கர வளைவுகளிலிருந்து பின்னோக்கி ஓடும் கூர்மையான கோடு 1969 மாடலுக்கு மட்டுமே உரியது. பட்டி தடவித் தேய்ப்பவரின் கை சற்றுத் தவறினாலும் அந்தக் கோடு மழுங்கிவிடும். இங்கே அது இருபுறமும் ஒரே கூர்மையுடன் இருக்கிறது. கதவு இடுக்குகளும் சீர். இந்த மாடல் துருப்பிடிக்கும் இடங்கள் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றறை, பின்கண்ணாடி விளிம்பு, டிக்கியின் தரை, பின்சக்கரத்துக்குப் பின்னுள்ள கீழ்மூலைகள். டிக்கித் தரை புதிய தகடு, பற்றவைப்பும் சுத்தம். ஆனால் ஓட்டுநர் பக்கக் கீழ்மூலையில் காந்தம் ஒட்டவில்லை. அங்கே தகடு மாற்றாமல் பட்டியை நிரப்பியிருக்கிறார்கள். மிச்சிகன் குளிர்காலத்தின் உப்புச் சாலைகளுக்கு அது தாங்காது.

இனி விலை. கிரில்லிலும் பின்புறத்திலும் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட் என்ற அதிகத் திறன் வகை) சின்னம் இருக்கிறது, கேட்கும் விலையில் ஒரு பங்கு அந்தச் சின்னத்துக்கானது. 1969 மாடலாக உருவான 2,43,085 கமாரோக்களில் எஸ்.எஸ். ஏறத்தாழ 35,000 மட்டுமே. ஆனால் அவ்வாண்டுக் கார்களின் அடையாள எண் காரை எஸ்.எஸ். என்று சொல்வதில்லை. 124379 என்ற தொடக்கம் எட்டு சிலிண்டர் கமாரோ கூபே என்பதையும், அடுத்து வரும் N என்ற ஆங்கில எழுத்து ஒஹாயோவின் நார்வுட் ஆலையையும் காட்டும்; அவ்வளவுதான். பானெட்டைத் திறந்தால் தெரியும் தகட்டில் எக்ஸ்11 என்ற குறியீடு உண்டு, அது எஸ்.எஸ். காரிலும் வரும், அலங்காரப் பட்டைகள் மட்டும் கேட்டு வாங்கிய சாதாரணக் காரிலும் வரும். அதே தகட்டின்படி ஆலையில் அடித்த நிறம் கரும்பச்சையான ஃபாத்தம் கிரீன். இப்போதிருப்பது ஹக்கர் ஆரஞ்சு.

எஞ்சினில் பொறித்த எண்கள், பின் அச்சின் குறியீடு, ஸ்பிரிங் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டுதான் ஒருவர் எஸ்.எஸ்.ஸை உறுதிசெய்ய முயல்வார். இந்தக் காரைச் சிறப்பாக ஓட வைத்த ஒவ்வொரு மாற்றமும் அத்தகைய சான்று ஒன்றை அகற்றியிருக்கிறது. காரில் என்னென்ன பொருத்தினார்கள் என்று காட்டும் ஆலைத் தாளும் இல்லை, உத்தரவாதக் கையேட்டுடன் வந்த உலோகத் தகடும் இல்லை. எனவே, எஞ்சினுக்கும் அடிப்பாகத்துக்கும் தகட்டு வேலைக்கும் உரிய விலையைத் தயங்காமல் தரலாம். சின்னத்துக்குத் தனியாக ஒரு டாலரும் தரத் தேவையில்லை. வாங்குவதென்றால் பழைய எஞ்சினையும் அச்சையும் எங்கே விட்டார்கள் என்று எழுத்தில் கேட்கவும், மாற்றங்களின் ரசீதுகளைப் பெறவும் வேண்டும். காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டு காப்பீடு எடுக்கையில் அந்த ரசீதுகள் உதவும்.

இதையெல்லாம் விற்பவரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. விரும்பினால் சின்னங்களைக் கழற்றியே தருவதாகச் சொன்னார். விலையைத்தான் குறைக்க மாட்டாராம்.