சிறுவர்களுக்கான நாணய ஆல்பம்: ஓராண்டு பயன்படுத்திய பிறகு

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், ஒன்பது வயதான என் அக்கா மகளுக்கு ஒரு நாணய ஆல்பம் வாங்கிக் கொடுத்தேன். அண்ணா சாலையை ஒட்டிய ஒரு சந்தில், பழைய நாணயங்களும் அஞ்சல் தலைகளும் விற்கும் சிறிய கடையில் 480 ரூபாய்க்குக் கிடைத்தது. புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் சிறுவர்களுக்கானது என்று அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இருவரும் தரையில் உட்கார்ந்து அதை ஓராண்டு பயன்படுத்தியிருக்கிறோம். தயாரிப்பாளரின் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகள் அதே கடையில் புரட்டிப் பார்த்த வேறு சில ஆல்பங்களிலும் இருந்தன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வளையங்கள் உறுதியானவை, ஓராண்டில் எத்தனையோ முறை திறந்து மூடியும் வாய் பிளக்கவில்லை. பைகளின் மேல்விளிம்பு மடிப்புள்ளது என்பதால், குழந்தை ஆல்பத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் நாணயம் கீழே விழுவதில்லை. பத்துத் தாள்கள், தாளுக்கு இருபது பைகள். தொடங்குகிறவர்களுக்கு இது தாராளம். முதல் நான்கு தாள்களுக்குள் அச்சிட்ட அட்டைகள் செருகப்பட்டிருந்தன. ஒரு பைசா, இரண்டு பைசா, மூன்று பைசா என்று வரிசையாக வட்டங்கள் வரைந்து, எந்த நாணயம் எங்கே வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எழுத்து முழுவதும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருந்தது. தமிழில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமளித்தது. ‘காசு’ என்ற சொல்லை இவ்வளவு காலமாக வைத்திருக்கும் மொழியில் படிக்கும் குழந்தைக்கு, அதன் முதல் ஆல்பம் அந்த மொழியில் பேசியிருக்க வேண்டும்.

என் பெரிய குறை அந்த அச்சிட்ட அட்டைகளைப் பற்றியது. முதல் இரண்டு வாரங்கள் அவள் உற்சாகமாகவே வட்டங்களை நிரப்பினாள். அந்தக் கடையில் ‘பத்து ரூபாய்த் தட்டு’ என்று ஒன்று உண்டு. கலந்து கொட்டிய சில்லறையில் எதை எடுத்தாலும் பத்து ரூபாய். அதிலேயே பாதி வட்டங்கள் நிரம்பிவிட்டன. பிறகு எஞ்சிய வட்டங்களைப் பார்த்து, “மாமா, மிச்சத்தையும் வாங்கிட்டா இது முடிஞ்சிடுமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் ஆல்பத்தின் பிழையை எனக்குக் காட்டியது. வட்டம் வரைந்து கொடுத்தால் குழந்தை வட்டத்தைப் பார்க்கும்; நாணயத்தைப் பார்க்காது. அன்று மாலையே நான்கு அட்டைகளையும் உருவி எடுத்துவிட்டு, வெறும் பைகளை அவளிடம் கொடுத்து, “உனக்கு எப்படித் தோணுதோ அப்படி அடுக்கு” என்றேன்.

அவள் முதலில் வடிவத்தை வைத்து அடுக்கினாள். சதுரமாக இருந்த ஒரு பைசாவும் ஐந்து பைசாவும் ஒரு தாளில்; ஆறு பக்கம் கொண்ட மூன்று பைசாவும் அலுமினிய இருபது பைசாவும் இன்னொன்றில்; விளிம்பு அலை அலையாக வளைந்த இரண்டு பைசாவும் பத்துப் பைசாவும் தனியே. செம்பு நிக்கல் கலவையில் வந்த பழைய இரண்டு ரூபாயின் பக்கங்களை விரல் வைத்து எண்ணி, பதினொன்று என்று கண்டுபிடித்தபோது, சரிதானா என்று மூன்று முறை திரும்ப எண்ணினாள். ஒரு மாதம் கழித்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டு, விலங்குகளுக்கென்று ஒரு தாள் ஒதுக்கினாள். 25 பைசாவின் காண்டாமிருகம், 1947ஆம் ஆண்டு ரூபாயின் புலி, 1950இல் குடியரசின் முதல் வரிசையாக வந்த காலணாவின் குதிரை, அதே வரிசையின் ஓரணாவில் உள்ள காளை ஆகியவை அதில் இடம்பெற்றன. சிங்கம் குடியரசின் நாணயங்கள் எல்லாவற்றிலும் இருப்பதால் அதைச் சேர்க்க வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள். எனக்கு நாற்பது ஆண்டுப் பழக்கம் இருந்தும், நாணயங்களை இப்படி அடுக்கலாம் என்று ஒருபோதும் தோன்றியதில்லை.

ஆல்பத்துடன் இலவசமாக வந்த பிளாஸ்டிக் உருப்பெருக்கி பயனற்றது. ஓரங்களில் எழுத்து நெளிகிறது. தனியாக நல்ல லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்வது மேல். அது கையில் வந்த பிறகுதான் அண்ணாச்சி கடையில் வாங்கும் மீதிச் சில்லறையும், பேருந்து நடத்துநர் தரும் காசும் எங்கள் வீட்டில் மேசைக்கு வரத் தொடங்கின. இப்போது புழங்கும் நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே சிறிய வைரக் குறி இருந்தால் அது மும்பையில் அச்சானது. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நான்கு ஒரு ரூபாய்களை அவள் முன் வைத்து, இவற்றில் ஏதாவது வேறுபாடு தெரிகிறதா என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு, “மாமா, இதுல மட்டும் குட்டியா ஒரு நட்சத்திரம் இருக்கு” என்றாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்து சோதித்ததும் அவள் யோசனைதான். எண்பதுகளின் பெரிய ஒரு ரூபாய் காந்தத்துக்கு அசையவில்லை. பிற்காலத்தில் எஃகில் வந்த சிறிய ஒரு ரூபாய் சட்டென்று ஒட்டிக்கொண்டது. உலோகம் மாறியதைப் பாடமாகச் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவளாகக் கண்டதால் அன்று வீட்டிலிருந்த சாவி, கரண்டி, கதவுத் தாழ்ப்பாள் அனைத்தும் சோதனைக்கு உள்ளாயின.

இனி மிக முக்கியமான குறை. ஆல்பத்தை வாங்கியபோது தாள்களிலிருந்து புது மழைக்கோட்டைப் பிரித்தது போன்ற நெடி வந்தது. புதுப் பொருள் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அது என் தவறு. அந்த நெடியும் தொட்டால் வழவழவென்று நெகிழும் தன்மையும் பிவிசி பிளாஸ்டிக்கின் அடையாளங்கள். அதை மென்மையாக்கச் சேர்க்கும் பொருட்கள் நாளடைவில் கசிந்து வெளியே வரும். பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வெளிப்படும். செம்பு கலந்த எந்த உலோகத்தையும் அது அரிக்கும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் வேகம் கூடும். சென்னையில் இரண்டுக்கும் குறைவில்லை.

என் தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து வந்த ஓட்டைக் காலணா ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தேன். போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்துவதற்காக நடுவில் துளையிட்டு, 1943 முதல் 1947 வரை அச்சிட்ட வெண்கலக் காசு அது. டிசம்பர் மழை ஓய்ந்த ஒரு நாள் அந்தப் பையைத் திறந்தபோது, துளையைச் சுற்றிலும் பாசி போலப் பச்சையாக ஏதோ படர்ந்திருந்தது. விரல் வைத்தால் பிசுபிசுத்தது. அவள் முகம் வாடிவிட்டது. தான்தான் ஏதோ செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பல வீடுகளில் இது நடக்கும். என் அம்மா, பேத்தியின் கவலையைத் தீர்க்க, கொஞ்சம் புளியை எடுத்துவந்து குத்துவிளக்கைத் தேய்ப்பது போல அந்தக் காசைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். நல்ல வேளையாக ஒரு பக்கம் பாதி முடிவதற்குள் நான் பார்த்துவிட்டேன். எண்பது ஆண்டுகளாகப் படிந்த பழுப்பு நிறம் அந்த இடத்தில் போய், புதுச் செம்பைப் போல இளஞ்சிவப்பாகப் பளிச்சிட்டது. பழைய காசின் மேல் படிந்த நிறம் அழுக்கல்ல. அது காசின் தோல், தேய்த்து எடுத்தால் மீண்டும் வராது. புளி, எலுமிச்சை, பல்பொடி எதுவும் நாணயத்தின் பக்கம் வரவே கூடாது. பிளாஸ்டிக்கால் வந்த பச்சையைக் கலப்படமற்ற அசிட்டோனில் ஊறவைத்து அகற்றலாம். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் எண்ணெயும் வாசனைப் பொருளும் கலந்திருப்பதால் அது உதவாது. அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். எனவே ஜன்னலைத் திறந்து, அடுப்பிலிருந்து தள்ளி, பெரியவர்களே செய்ய வேண்டும். அவளைத் தூரத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, நான் செய்தேன். பச்சை போய்விட்டது, அதன் கீழே அரித்த தடம் அப்படியே நிற்கிறது.

ஆல்பம் வாங்க நினைப்பவர்கள் தாள், நாணயத்தை அரிக்காத பிளாஸ்டிக்குகளான பாலிபுரோப்பிலீன் அல்லது மைலாரால் ஆனதா என்று கேட்டு வாங்குங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால் முகர்ந்து பாருங்கள். கடும் நெடி அடித்தால் வைத்துவிடுங்கள். நாங்கள் இப்போது நடுவில் மெல்லிய மைலார் சாளரம் உள்ள சதுர அட்டைகளுக்கு மாறிவிட்டோம். இரண்டாக மடித்து, நாணயத்தை நடுவில் வைத்து, ஓரங்களில் ஸ்டேப்ளர் பின் அடிக்க வேண்டும். பின்னை இடுக்கியால் தட்டையாக அழுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அடுத்த காசைக் கீறும். இந்த அட்டையின் உண்மையான நன்மை, வெள்ளை ஓரத்தில் குழந்தை தானே எழுத இடமிருப்பது. அவள் அதில் ஆண்டும் ஊர்க்குறியும் மட்டும் எழுதுவதில்லை. எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்பதையும் எழுதுகிறாள். பழைய பெட்டிக்குள் போடும், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் இப்போது அவளே சேர்த்து வைக்கிறாள்.

கடையைப் பற்றியும் சில வார்த்தைகள். பிளாஸ்டிக் பற்றிக் கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் ஆல்பத்தை விற்றதில் எனக்கு மனக்குறை உண்டு. ஆனால் குழந்தைகளை அவர் நடத்தும் விதத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பத்து ரூபாய்த் தட்டின் முன் அரை மணி நேரம் நின்றாலும் அவசரப்படுத்தமாட்டார். “பாப்பா, ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கு, முகத்தைத் தொடாதே” என்று ஒருமுறை சொன்னார். அதை அவள் இன்றுவரை மீறியதில்லை. அவள் தேர்ந்தெடுக்கும்போது நான் குறுக்கே பேசினால் என்னைத்தான் அடக்கினார். ஒரு நாணயத்தின் விலையைக் கேட்டபோது, “இது எவ்வளவுக்குப் போகும்னு கேக்காதே, எங்கே இருந்து வந்ததுன்னு கேளு” என்றார். பழைய ஐந்து ரூபாயை லட்சக்கணக்கில் வாங்குவதாகச் சொல்லும் விளம்பரங்கள் கைப்பேசியில் சுற்றும் காலத்தில், ஒரு வியாபாரி குழந்தையிடம் இதைச் சொல்வது பெரிய விஷயம். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இத்தகைய மோசடி நடப்பதாக அந்த வங்கி 2021இல் பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. பெற்றோர் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது அவசியம்.

ஆல்பத்தில் இப்போது தமிழ்நாட்டுக்கென்று ஒரு தாள் இருக்கிறது. உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி 1995இல் வந்த திருவள்ளுவர் நாணயம், காமராஜர் நூற்றாண்டு ஐந்து ரூபாய், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஐந்து ரூபாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். அண்ணா நூற்றாண்டு நாணயத்தில் உருவத்துக்குக் கீழே அவர் தமிழில் இட்ட கையெழுத்து இருப்பதை லென்ஸில் கண்டபோது, பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ராஜராஜன் காலத்துச் செப்புக்காசைப் பார்க்கக் கூட்டிச் சென்றேன். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம். கண்ணாடியின் முன் நின்று, இது செம்பாயிற்றே, பச்சை பிடிக்காமல் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் ஒரு பேருந்தின் முகப்பில் ‘தங்கசாலை’ என்று இருந்ததைப் படித்துவிட்டு, அங்கே தங்கம் விற்பார்களா என்றாள். நாணயம் அச்சிடும் சாலை அங்கே இருந்ததால் வந்த பெயர் அது என்றேன். அடுத்த ஞாயிறு அங்கேதான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

480 ரூபாய் ஆல்பத்தை மீண்டும் வாங்குவேனா என்றால், மாட்டேன். அதன் உறையும் வளையங்களும் மட்டும் இன்னும் பயன்படுகின்றன. உள்ளே இருந்த பத்துத் தாள்களையும் எடுத்துவிட்டு, அட்டைகள் வைக்கும் பாலிபுரோப்பிலீன் தாள்களைப் போட்டிருக்கிறோம். பாதி பளிச்சென்றும் பாதி அரித்தும் இருக்கும் அந்த ஓட்டைக் காலணாவை எடுத்துவிடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். முதல் தாளின் முதல் அட்டையில் அது இருக்கிறது. ஓரத்தில் பென்சிலால், ‘1944. கொள்ளுத் தாத்தா பெட்டி. பச்சை: ஆல்பம். பளபளப்பு: பாட்டி’ என்று எழுதியிருக்கிறாள்.