மழைக்காலைத் தொடாமல் விட்டேன்: 1951 செவர்லேயோடு ஆறு மழைக்காலங்கள்

நீலகிரி மலையில் உள்ள கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குத் தாத்தா காரட் ஏற்றிச் சென்ற 1951 செவர்லே பிக்கப் இப்போது என்னிடம் இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் நடத்திய ஆலையில் பூட்டிய வண்டி என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். ஆறு ஆண்டுகளுக்கு முன் பாடியைப் பிரித்துச் சீர்செய்தபோது எஞ்சினைவிட என்னை அதிகம் அலைக்கழித்தவை ஜாயிண்ட் கோடுகள். தகடும் தகடும் சேரும் அந்தக் கோடுகளை அடைத்து வழவழப்பாக்குவதா, இருந்தபடியே விடுவதா என்று பல நாள் தூக்கம் கெட்டது.

முதல் முடிவு தவறாகப் போனது. சமவெளியில் ஒரு பட்டறையில் பாடியைக் கொடுத்தேன். முன் மட்கார்டு கேபினோடு சேரும் இடத்திலிருந்த பீடிங்கை, அதாவது தகடுகளுக்கு நடுவே வைக்கும் நெகிழ்வான பட்டையை, உருவிவிட்டு, இடைவெளி முழுக்கப் பட்டி (காய்ந்து இறுகும் நிரப்புப் பசை) அடைத்து, பெயிண்ட் அடித்துத் தந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை இறங்கி ஏறியதும் பட்டி மயிரிழையாக விரிந்தது. ஐப்பசி மழை அதற்குள் இறங்கியது. பொங்கலுக்குள் பெயிண்ட் கொப்பளித்தது. சுரண்டினால் அடியில் துரு.

இந்த வண்டியில் மட்கார்டு போல்ட்டால் பூட்டப்பட்டது. வளைவில் ஒரு சக்கரம் மேடேறும்போது சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும்; கேபினும் மட்கார்டும் ஒன்றுக்கொன்று நூலளவு நகரும். தகடுகள் உரசாமல் அந்த அசைவைத் தாங்குவதற்காகவே நடுவில் பீடிங் வைத்திருக்கிறார்கள். இறுகிய பட்டிக்கு அந்த நெகிழ்வு கிடையாது.

பிறகு குன்னூரில், பாய் என்று நான் அழைக்கும் ஒரு மூத்த டிங்கரிடம் (தகடு வேலைக்காரர்) வண்டியைக் கொண்டுபோனேன். பாய் மட்கார்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். "தம்பி, நாளைக்கு இது அடிபட்டால் எப்படிக் கழற்றுவீர்கள்?" என்று கேட்டார். அன்றே பட்டியை முழுக்கச் சுரண்டி எடுத்துப் புதிய பீடிங் வைத்தோம். ஆறு ஆண்டுகளில் அதை ஒருமுறை மாற்றியிருக்கிறேன். அரை நாள் வேலை.

கேபினின் பின்பக்கக் கீழ் மூலைகள் வேறு கதை. சேறும் தண்ணீரும் தேங்கி அரிக்கும் இடம் அது. இந்த மாடலில் பலருடைய வண்டியிலும் முதலில் போவது அதுதான். அழுகிய பகுதியை அறுத்து 18 கேஜ் தகடு வைத்தோம். இங்கே ஏற்பட்ட கோடு ஆலை போட்டதல்ல, எங்கள் வெட்டால் வந்தது. அதை மறைப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் வெறும் பட்டியால் மூடாமல், முதலில் தகடு தகடாகவே சேர வேண்டும். பாய் ஒரு புள்ளி வைத்து, சற்றுத் தள்ளி மறு புள்ளி வைத்து, சூடு ஆறவிட்டுத் திரும்ப வந்து இடைவெளிகளை நிரப்பினார். ஒரே இழுப்பில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும்.

வலது மூலைக்கு அதன்மேல் ஈயம் பூசினார். 70 பங்கு ஈயமும் 30 பங்கு வெள்ளீயமும் கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கினாலும், முழுதாக உருக 250 டிகிரியைத் தாண்ட வேண்டும். அந்த இடைவெளியில் களிமண்போல் குழைந்திருக்கும்போதே மரக்கட்டையால் தடவிப் பரப்ப வேண்டும். அரத்தால்தான் இழைத்தார், உப்புத்தாள் போட்டால் ஈயத் தூசி மூச்சில் போகும் என்பதில் மிகக் கண்டிப்பு. பற்றுவைக்கப் பூசிய அமிலத்தைச் சோடா உப்புத் தண்ணீரால் கழுவிய பிறகே பிரைமர். இடது மூலைக்கு வரும்போது கம்பி தீர்ந்துவிட்டது. நானும் அவசரப்படுத்தினேன். அங்கே வெல்டிங்குக்கு மேல் நேராகப் பட்டி. மலையில் பட்டி வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பட்டி ஈரத்தை உறிஞ்சும். மூடுபனியில் ஓரிரவு திறந்து போட்டால் நீர் குடித்துவிடும். அன்றன்றைக்கே பிரைமரால் மூடினோம்.

கதவுக்கு மேலே, கூரைத் தண்ணீரை வழித்துவிட அதன் ஓரமாக ஓடும் சிறு வாய்க்காலான மழைக்காலைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். அமெரிக்காவில் இத்தகைய வண்டிகளை அலங்கரிப்பவர்கள் அதை அறுத்துவிட்டு, கூரையைக் கீழ்வரை ஒரே வளைவாக்குவதுண்டு. படத்தில் அது மிக அழகு. ஆனால் எங்கள் ஊரில் ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மழைக்கால் இல்லாவிட்டால் கதவைத் திறந்தவுடன் கூரைத் தண்ணீர் முழுக்க மடியில் விழும். அதோடு, கூரைத் தகடு கேபினோடு சேரும் ஜாயிண்ட்டே அந்தக் கால்தான். அறுத்தால் முன்னிருந்து பின்வரை முழுக்க வெல்டிங் செய்தாக வேண்டும். துருவை நீக்கி, எபாக்சி பிரைமர் பூசி, உள் மூலையில் வளைந்து கொடுக்கும் சீலண்ட் இழுத்ததோடு நிறுத்திக்கொண்டேன். இன்றுவரை ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

மலர்க்காட்சிக்கு வந்த ஒருவர், இத்தனை செலவு செய்தும் கோடுகளை ஏன் மறைக்கவில்லை என்று கேட்டார். மலை ரயிலின் நீராவி எஞ்சினைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதில் ஆணித்தலைகள்கூட வெளியே தெரிகின்றன. எதை எதோடு சேர்த்தார்கள் என்று கண்ணால் படிக்க முடிகிற இயந்திரத்தின்மேல் எனக்கு நீங்காத பிரியம்.

ஆறு ஆண்டுக்குப் பிறகு வலது மூலையில் எங்கே ஒட்டு என்று எனக்கே தெரியவில்லை. இடது மூலையில் மூன்றாம் ஆண்டிலிருந்து சாய்வெயிலில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. தை மாதத்தில் விடியலில் உறைபனி, நண்பகலில் சுள்ளென்ற வெயில். தகடும் பட்டியும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. இன்னும் விரிசல் விடவில்லை. ஈயக் கம்பி வாங்கி வைத்துவிட்டேன். இந்த ஆடி மழைக்கு முன் இடது மூலையைப் பிரிக்கப் போகிறோம். பாயும் நாள் சொல்லியிருக்கிறார்.