850 ரூபாய் ஒயிட்போர்டு: மூன்று மாதம் எழுதி அழித்த பிறகு

சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கியது. 3க்கு 2 அடி, அலுமினிய பிரேம், மெலமைன் பலகை. போர்டு 850 ரூபாய். இரண்டு மார்க்கரும் டஸ்டரும் சேர்த்து 120. "டியூஷன் எடுக்கறீங்களா தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார். இன்டர்வியூவில் கோட்டை விட்டதற்காக வாங்குகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

நடந்தது இதுதான். ஓஎம்ஆரில் ஒரு கம்பெனி, ஜூனியர் ஜாவா டெவலப்பர் வேலை. முதல் சுற்று ஆன்லைன் தேர்வு, சுலபமாகத் தாண்டிவிட்டேன். இரண்டாவது சுற்றில் மார்க்கரைக் கையில் கொடுத்து, வரிசையாக அடுக்கிய எண்களில் ஒரு எண் முதன்முதலில் எந்த இடத்தில் வருகிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பைனரி சர்ச்தான்: நடுவில் இருக்கும் எண்ணைப் பார்த்து, தேவையில்லாத பாதியை ஒதுக்கிக்கொண்டே தேடுவது. காலேஜில் எத்தனையோ முறை எழுதியது. ஆனால் போர்டு முன்னால் நின்றதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. லேப்டாப்பில் பாதி வரி அடித்தால் மீதியை எடிட்டரே (புரோகிராம் அடிக்கும் மென்பொருள்) நிரப்பும். செமிகோலனை விட்டால் சிவப்புக் கோடு போடும். இங்கே வெறும் வெள்ளை. என் எழுத்து பெரிதாகிக்கொண்டே போய், வலது பக்கம் சரிந்து, புரோகிராம் பாதியில் இருக்கும்போதே இடம் தீர்ந்துவிட்டது. அம்புக்குறி போட்டு மிச்சத்தை மேலே கொண்டுபோனேன். அத்தனை நேரமும் வாயே திறக்கவில்லை. "என்ன யோசிக்கறீங்கன்னு சொன்னாத்தானே நானும் கூட வர முடியும்?" என்றார் எதிரில் இருந்தவர். அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

அப்புறம் அவர் ஓரமாக 2, 4, 4, 7 என்று எழுதி, "இதுல 9-ஐத் தேடுங்க" என்றார். "சரியாத்தான் சார் வரும்" என்றேன். தேடிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாளில் வழக்கமான மறுப்பு மெயில் வந்தது.

போர்டு வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி முதலில் எழுதியது அதே கேள்வியை. அன்றைக்கு எழுதியபடியே, தேடும் பகுதியின் முதல் இடமான லோ-வை 0-இலும் கடைசி இடமான ஹை-யை 4-இலும் தொடங்கி, லோ ஹை-யைத் தாண்டும் வரை சுற்றவிட்டேன். முதல் சுற்றில் மிட், அதாவது நடு இடம், 2. அங்கே இருப்பது 4, 9-ஐவிடச் சிறியது, அதனால் லோ 3 ஆனது. அடுத்த மிட் 3 (மூன்றரையில் அரையை விட்டுவிடும்). அங்கே 7, லோ 4 ஆனது. அதற்கடுத்த மிட்டும் 4. இடங்களை 0-இலிருந்து எண்ணுவதால், நாலு எண் இருக்கும் அரேயில் (எண் வரிசையில்) கடைசி இடமே 3தான்! மார்க்கரை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஹை-யை 3-இல் தொடங்கியிருந்தால் போதும்.

சரி, போர்டுக்கு வருவோம். முதல் மாதம் துடைத்தால் பளிச்சென்று இருந்தது. இப்போது இரண்டு நாள் விட்டுத் துடைத்தால் பழைய எழுத்து நிழலாக நிற்கிறது, கறுப்பைவிட சிவப்பு மோசம். காந்தம் ஒட்டாது. பிரேமின் ஒரு மூலை லேசாகப் பிளந்திருந்ததை பஸ்ஸில் ஏற்றும்போதுதான் பார்த்தேன். வாங்குகிறவர்கள் நாலு மூலையையும் கடையிலேயே தடவிப் பாருங்கள். ஆணி அடிக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டார் என்பதால் மேஜை மேல் வைத்து பீரோவில் சாய்த்திருக்கிறேன். மார்க்கரைப் படுக்க வைக்க வேண்டும். முனை மேலே இருக்கும்படி டம்ளரில் போட்டு வைத்த ஒன்று பத்தே நாளில் காய்ந்துபோனது. ஒருநாள் தவறிப்போய் பர்மனென்ட் மார்க்கரில் எழுதிவிட்டேன். அதன் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் கிறுக்கி உடனே துடைத்ததும் போய்விட்டது. 5க்கு மூன்றரை கொடுப்பேன். கையில் காசு இருந்தால் செராமிக் பலகை வாங்குங்கள்.

சத்தமாகப் பேசிக்கொண்டே எழுதிப் பழகியதில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். முதல் நாள் "யார்கிட்டடா பேசற?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. மறுவாரம் பூண்டு உரித்தபடி பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த 9தான் அதுல இல்லையே, இல்லாததை எதுக்குத் தேடற?" என்றாள். சார் கேட்டதும் அதுதானே அம்மா!

ஒரு ஆறுதலும் கிடைத்தது. லோ-வையும் ஹை-யையும் கூட்டி இரண்டால் வகுத்தால், அரே மிகப் பெரிதாக இருக்கும்போது கூட்டுத்தொகை இன்ட்டின் (ஜாவாவில் முழு எண்ணை வைக்கும் வகை) எல்லையான 2,14,74,83,647-ஐத் தாண்டி மைனஸில் போய்விடும். ஜாவாவோடு தயாராகக் கிடைக்கும் புரோகிராம்களின் நூலகத்திலேயே இந்தப் பிழை சுமார் 9 வருஷம் இருந்திருக்கிறது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் வெளிப்படையாகச் சொன்னார். ஹை-க்கும் லோ-வுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதியாக்கி லோ-வோடு கூட்டினால் சிக்கல் இல்லை. இதை மட்டும் போர்டின் கீழ் ஓரத்தில் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

போன வாரம் இன்னொரு இன்டர்வியூ, வீடியோ காலில். போர்டே கிடையாது, எடிட்டரைத் திறந்து, தானாக நிரப்புவதை அணைத்துவிட்டு அடிக்கச் சொன்னார்கள். பேசிக்கொண்டே அடித்தேன். பதில் இன்னும் வரவில்லை. போர்டின் வலது மேல் மூலை இப்போது அம்மாவுக்கு: சிலிண்டர் மாற்றிய தேதி, பால் வராத நாட்கள். நேற்று டஸ்டர் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்விட்டது. காலையில் பால்காரரிடம் கணக்குக் கேட்க என்னைத்தான் அனுப்பினாள்.