ஹெட் வேலைக்கு அப்புறம் கம்ப்ரஷன் போச்சா? கேஜா, காத்தா, வேக்குவமா?

நம்மகிட்ட இருக்கறது 96 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, 796 சிசி மூணு சிலிண்டர். ஹெட் கேஸ்கட் (இஞ்சினோட மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ இருக்கற பிளாக்குக்கும் நடுவுல அடைக்கற தகடு) போயி, ஹெட்டை லேத்துல பேசிங் பண்ணி (அடிப்பக்கத்தை சமமா சீவி), வால்வு எல்லாம் பேஸ்ட் போட்டு லேப் பண்ணி (சீட்ல ஒட்டி உக்கார்ற மாதிரி தேய்ச்சு) திரும்ப ஏத்துனாங்க. காலைல ஒரே செல்ஃப்ல பட்டுன்னு ஸ்டார்ட் ஆகும், பத்து கிலோமீட்டர் ஓடி சூடாச்சுன்னா சிக்னல்ல நிக்கறப்போ ஐட்லிங்ல தடக் தடக்குனு ஒரு மிஸ்ஸிங், மேட்டுல பிக்கப் சுத்தமா இல்ல. வேலை பாத்த இடத்துக்கே கொண்டுபோனா "சார், மேல டைட் ஆயிருச்சு, இனி கீழ தாங்காது, ரிங் போயிருச்சு, போர் அடிச்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுரலாம்"னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. ரிங்னா பிஸ்டனை சுத்தி காத்து ஒழுகாம அடைக்கற வளையம், போர் அடிக்கறதுன்னா சிலிண்டரை குடைஞ்சு பெருசாக்கறது. எதையும் அளந்து பாக்கல. அந்த கடுப்புலதான் நானே ஒவ்வொரு டெஸ்ட்டா பண்ணி பாத்தேன்.

முதல்ல எல்லாரும் கைல எடுக்கறது கம்ப்ரஷன் கேஜ், அதாவது பிஸ்டன் மேல ஏறி காத்தை எவ்வளவு அழுத்துதுன்னு அளக்கற மீட்டர். ஆயிரத்துச் சொச்சத்துக்கு கிடைக்குது, பிளக் ஓட்டைல திருகற டைப்பா வாங்குங்க, ரப்பரை அழுத்தி பிடிக்கற டைப்ல கை கொஞ்சம் அசைஞ்சாலே ரீடிங் மாறும். மூணு பிளக்கையும் கழட்டணும், காயில் வயரை புடுங்கிடணும், ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுட்டு அஞ்சாறு பஃப் வர்ற வரைக்கும் செல்ஃப் அடிக்கணும், பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்கணும். பாதி பேர் ஆக்சிலேட்டரை மிதிக்க மறந்துட்டு மூணுமே கம்மின்னு அலறுவாங்க. இந்த மாதிரி பழைய பெட்ரோல் இஞ்சின்ல பொதுவா 130லருந்து 180 பிஎஸ்ஐக்குள்ள வந்தா நல்லாருக்குன்னு அர்த்தம், ஆனா அந்த நம்பரை விட சிலிண்டருக்கு சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம்ங்கறதுதான் முக்கியம்.

நான் காலைல பாத்தப்போ 145, 145, 135. அட நல்லாத்தானே இருக்குன்னு மூடி வச்சுட்டேன். அதுதான் நான் பண்ண தப்பு. சாயங்காலம் ஓட்டிட்டு வந்து சூடோட, விரலை சுட்டுக்கிட்டு பிளக்கை கழட்டி பாத்தா 150, 145, 85!

சரி, ரிங்தானோன்னு சந்தேகம் வந்தா வெட் டெஸ்ட், அதுக்குன்னு தனியா காசு எதுவும் ஆகாது. அந்த சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் ஊத்தி திரும்ப அடிக்கணும், ரிங்ல லீக்னா ஆயில் கொஞ்ச நேரம் அடைச்சுக்கும், ரீடிங் நல்லா ஏறும், வால்வோ கேஸ்கட்டோன்னா ஏறாது. ஆயிலை தாராளமா ஊத்துனா உள்ள இடம் கொறஞ்சு அதனாலேயே நம்பர் ஏறி நம்மளை ஏமாத்தும், அதுனால ஒரு ஸ்பூன்னா ஒரு ஸ்பூன்தான். எனக்கு 85, 90 ஆச்சு, அவ்வளவுதான். போர் அடிக்கற கதை அங்கேயே முடிஞ்சுது. ஆனா வால்வா கேஸ்கட்டான்னு இந்த டெஸ்ட் சொல்லாது. பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேந்து கம்மியா இருந்தா நடுவுல கேஸ்கட் போயிருக்குன்னு ஊகிக்கலாம், மூணுமே ஒரே மாதிரி கம்மின்னா டைமிங் பெல்ட் (வால்வுகளை சரியான நேரத்துல திறக்க வைக்கற பெல்ட்) ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்கான்னு கவரை கழட்டி மார்க் பாக்கணும். ஒண்ணு மட்டும் கம்மின்னா கேஜுக்கு அதுக்கு மேல பேச்சு வராது.

வேக்குவம் கேஜை நம்ம ஊர்ல யாரும் மதிக்கறதே இல்ல, எனக்கு அது ரொம்ப பிடிக்கும். எதையும் கழட்ட வேண்டாம், இன்டேக் மேனிஃபோல்டுல (கார்புரேட்டர்லருந்து சிலிண்டருக்கு காத்து போற குழாய்) ஒரு ஹோஸை சொருகி ஐட்லிங்ல விட்டா ரெண்டு நிமிஷத்துல சேதி வந்துரும். நல்ல இஞ்சின்ல முள்ளு 17லருந்து 21 இன்ச்குள்ள (பாதரச அளவுல) ஆடாம நிக்கும். ஆடாம நின்னாலும் ரொம்ப கீழ நின்னா டைமிங் லேட்டு, இல்ல எங்கயோ காத்து இழுக்குது. தாளம் தப்பாம டக் டக்குனு விழுந்து விழுந்து எந்திரிச்சா ஒரு வால்வு சரியா உக்காரல. என் வண்டில முள்ளு சூடானப்புறம் அப்படித்தான் விழுந்துச்சு. குறை என்னன்னா எந்த சிலிண்டர்னு சொல்லாது, ஒவ்வொரு பிளக் வயரா புடுங்கி பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். ஊட்டிக்காரங்க கவனிக்க: ஆயிரம் அடி உயரத்துக்கு சுமாரா ஒரு இன்ச் குறையும், அங்க 7000 அடிக்கு மேல இருக்கறதால முள்ளு 12ல நின்னா பயந்துராதீங்க.

ஹெட் வேலைக்கு அப்புறம் வர்ற பிரச்சினைக்குன்னே இருக்கறது காத்து அடிச்சு பாக்கற லீக் டவுன் டெஸ்ட்தான். பிஸ்டனை கம்ப்ரஷன் டாப்ல (ரெண்டு வால்வும் மூடி பிஸ்டன் உச்சில இருக்கற இடம்) நிறுத்தி பிளக் ஓட்டை வழியா காத்து ஏத்தணும். ரெண்டு கேஜ் இருக்கற டெஸ்டர்ல 100 பிஎஸ்ஐ உள்ள விட்டு அந்தப் பக்கம் 85 காட்டுனா 15 சதம் லீக், பழைய இஞ்சினுக்கு 20 வரைக்கும் தாங்கலாம், 30 தாண்டுனா வேலை இருக்கு. என்கிட்ட அந்த டெஸ்டர் இல்ல. கம்ப்ரஷன் கேஜோட ஹோஸ் நுனில டயர்ல இருக்கற மாதிரி ஒரு வால்வு பின் இருக்கும், அதை கழட்டிட்டா அதே ஹோஸ் காத்து அடிக்க ஆகும். பஞ்சர் கடைக்கு ஓட்டிட்டு போனேன், அவர்கிட்டயே பின் கழட்டற கருவியும் இருந்துச்சு. அந்த பின்னை பத்திரமா வைங்க, தொலைஞ்சுபோய் டயர் பின்னை மாட்டுனா அதோட ஸ்பிரிங் கெட்டி, ரீடிங் எப்பவும் கம்மியாத்தான் காட்டும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை கழட்டி, டாப் கியர் போட்டு வண்டியை மெல்ல தள்ளி, ரோட்டர் மூணாவது வயருக்கு நேரா வர்ற மாதிரி நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டேன். காத்து ஏறுனதும் பிஸ்டன் கீழ தள்ள பாக்கும், கிராங்க் புல்லில ஸ்பேனரை விட்டு வைக்காதீங்க, கை போயிரும். அப்புறம் காதுதான் மீட்டர். கார்புரேட்டர்ல உஸ்னா இன்லெட் வால்வு, ஆயில் ஊத்தற மூடில உஸ்னா ரிங், ரேடியேட்டர்ல குமிழி வந்தா கேஸ்கட். நான் கார்புரேட்டர் மேல காதை வச்சுட்டு நிக்கறேன், பஞ்சர் கடைக்காரர் பின்னாடி இருந்து, "ஏங்ணா, சைலன்சர்ல காத்து வருதுங்ணா!" எக்ஸாஸ்ட் வால்வு. வண்டி சூடா போய் சேந்ததாலதான் மாட்டுச்சு, வீட்ல ஆறிப்போன இஞ்சின்ல அடிச்சிருந்தா சத்தமே வந்திருக்காது.

வீட்டுக்கு வந்து ஆறவிட்டு வால்வு கவரை கழட்டி பாத்தா, மூணாவது எக்ஸாஸ்ட் டாப்பெட்ல (வால்வு தண்டுக்கும் அதை அழுத்தற கைக்கும் நடுவுல விட வேண்டிய சின்ன கேப்) ஃபீலர் கேஜோட (கேப்பை அளக்கற தகடு செட்) மெல்லிசு தகடு கூட நுழையல. லேப் பண்றப்போ வால்வு சீட்ல கொஞ்சம் உள்ள உக்காரும், அந்தளவுக்கு தண்டு மேல ஏறும், கேப் அடைஞ்சுரும். சூடானா தண்டு இன்னும் நீளும், வால்வு முழுசா மூடாது. டாப்பெட்டை திரும்ப செட் பண்ணாமலே கவரை மூடியிருக்காங்க! பழைய அம்பாசடர், பத்மினி மாதிரி புஷ்ராடு (கீழருந்து கம்பி வச்சு வால்வை இயக்கற) வண்டின்னா ஹெட்டை பேசிங் பண்ணாலே புஷ்ராடு மேல ஏறி கேப் இன்னும் கொறையும், அதுல ரெட்டிப்பு கவனம் வேணும்.

அதனால ஹெட் இறக்கி ஏத்துன வண்டின்னா எந்த கேஜையும் வாங்கறதுக்கு முன்னாடி நூத்துச் சொச்ச ரூபா ஃபீலர் கேஜ்தான் என் ஓட்டு, அடுத்து வேக்குவம், அதுக்கப்புறம் காத்து. ஹெட்டை தொடாத, என்ன வேலை பாத்தாங்கன்னே தெரியாம வாங்குன பழைய வண்டிக்கு கம்ப்ரஷன் கேஜும் வெட் டெஸ்ட்டும் முதல்ல.

மேனுவல்ல இருக்கற கேப்புக்கு ஆறு வால்வையும் செட் பண்ணேன், சூட்டுல இப்போ 150, 145, 130. அந்த வால்வு ரெண்டு வாரம் சரியா மூடாம ஓடிருக்கு, ஓரம் லேசா கருகியிருக்கலாம். வேக்குவம் முள்ளு இன்னும் துளியூண்டு ஆடுது.